அலை திரும்பும் நேரம்: கேமரா கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, மணப்பாடு கடற்கரைக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போய்ப் படம் எடுத்தேன். பாறை கறுத்துப்போகிறது, கடல் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போகிறது. நல்ல படங்களில் பாறையைச் சுற்றி நுரை கோடு கோடாக ஓடுகிறதே, அது எப்படி வருகிறது?
- கல்லூரி மாணவர், திருச்செந்தூர்

பதில்: தம்பி, ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை) தேவைக்கு மேல் நேரம் திறந்து வைக்கிறீர்கள். 30 விநாடி வைத்தால் மூன்று நான்கு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பனிமூட்டம்போல ஆகிவிடும். நுரைக்கோடு வேண்டுமென்றால் கால் விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், எப்போது அழுத்துகிறீர்கள் என்பது. அலை ஏறும்போது அழுத்தினால் வெறும் வெள்ளைப் பொதிதான் கிடைக்கும். ஏறி முடித்து, ஒரு கணம் தயங்கி, திரும்பத் தொடங்குகிறது பாருங்கள், அப்போது அழுத்துங்கள். பின்வாங்கும் தண்ணீர் நுரையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பாறை இருக்கும் இடத்தில் அது பிரிந்து, வளைந்து, மறுபடி சேரும். நீங்கள் தேடும் கோடு அதுதான்.

கோவில் குன்றின் கீழே உள்ள பாறைகளுக்குப் போனால், முதல் பதினைந்து நிமிடம் நான் பையைத் திறப்பதே இல்லை. நின்று அலையை எண்ணுவேன். எல்லா அலையும் ஒரே உயரம் வராது. சின்னதாகப் பல வந்தபின் பெரிதாக இரண்டு மூன்று சேர்ந்து வரும். பாறையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வருவதற்குமுன் வந்த பெரிய அலையின் அளவு அது. அந்தக் கோட்டுக்குமேல் நில்லுங்கள். பாசி பிடித்த பச்சைப் பாறையில் கால் வைக்கவே வேண்டாம். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது, மும்பைப் பக்கம்போல நாலைந்து மீட்டர் ஏறி இறங்காது. அதை நம்பிப் பலரும் அசட்டையாக நிற்கிறார்கள். ஆளை இழுப்பது ஏற்றம் இல்லை, எண்ணாமல் விட்ட அந்தப் பெரிய அலை.

அடுத்தது வெளிச்சம். நம் பக்கம் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறும். பாறை கண்ணுக்குத் துலங்கி இருபது நிமிடம் சொச்சத்தில் வெயில் வந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை அளவு) 11 வைத்தால் ஃபில்டர் எதுவும் இல்லாமலே அரை விநாடி, ஒரு விநாடி தானாகக் கிடைக்கும். அதனால் சூரியன் உதிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வெயில் வந்தபின்னும் எடுக்க வேண்டும் என்றால் 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வாங்குங்கள். லென்ஸ்முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி அது, ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். 6 ஸ்டாப் சேர்ந்து வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும். 125-ல் ஒரு விநாடி என்று கேமரா காட்டும் இடத்தில் அரை விநாடி வரும். கடைக்காரர் 10 ஸ்டாப்பைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். அது ஆயிரத்தில் ஒரு பங்கு. பால் ஊற்றுவது அதுதான்.

பாறை கறுக்காமல் இருக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ஈரப்பாறை கண்ணாடி மாதிரி. அலை இறங்கிய உடனே இரண்டு மூன்று விநாடி அதன் முதுகில் வானத்தின் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். அந்த நேரத்தில் கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி எடுங்கள். அப்புறம் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் பதியும் மூலக்கோப்பில்) எடுத்தால் நிழலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். மென்பொருளில் ரொம்பத் தூக்கினால் பாறை சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும், அதை நான் விரும்புவதில்லை.

கேள்வி: கடலுக்குப் போய்வந்த பிறகு ட்ரைபாட் (கேமரா முக்காலி) இறுகிவிட்டது. எண்ணெய் விடலாமா?
- மோட்டார் மெக்கானிக், காயல்பட்டினம்

பதில்: எண்ணெய் வேண்டாம், மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். காலைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். கடலுக்குப் போகும்போது முதலில் காலின் அடியில் உள்ள கடைசிக் கண்ணியை நீட்டுங்கள். பூட்டு தண்ணீருக்குமேல் இருக்கும். லென்ஸில் உப்புத்துளி பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

எனக்கு ஒருமுறை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஈர மணலில் ட்ரைபாடை வைத்துவிட்டு ஃபில்டர் எடுக்கத் திரும்பினேன். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும் என்பது தெரிந்தும் காலை அழுத்தி ஊன்றவில்லை. ஒரு கால் புதைந்து கேமராவோடு சாய்ந்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் உள்ளே உப்பு பூத்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் அப்பா வாங்கித் தந்த கேமரா அது. அன்றிலிருந்து மூன்று காலையும் ஆட்டி ஆட்டி ஒரு சாண் இறக்கிவிட்டுத்தான் கேமராவை மாட்டுகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளி தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) ஓரத்தில் இருக்கிறது. மணலில் புனல்போலக் குழி பறிக்கும் குழியானைப் பூச்சியைப் படம் எடுத்துத் தரச் சொல்கிறார்கள் பிள்ளைகள். என்னிடம் சாதாரணக் கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் உண்டு. முடியுமா?
- ஆசிரியை, உடன்குடி

பதில்: கட்டாயம் முடியும் டீச்சர். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிவப்பு மணலில் குழியானைக் குழியைப்போல அழகான ஒன்று நம் வட்டாரத்தில் குறைவு.

உங்கள் 50 எம்.எம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடுங்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் வளையம்தான், விலையும் குறைவு. மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் அப்பர்ச்சரைக் கேமராவிலேயே மாற்றலாம். 50 மி.மீ. நீளத்துக்கு வளையம் சேர்ந்தால் பூச்சி சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) அதன் உண்மை அளவிலேயே விழும். அந்த அளவில் அப்பர்ச்சர் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆட்டோ ஃபோகஸ் அங்கே தடுமாறும். ஃபோகஸை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மயிரிழை முன்னும் பின்னும் அசைத்து, தெளிவு வரும்போது அழுத்துங்கள். துணிப்பையில் அந்த மணலையே அள்ளிக் கட்டி, அதன்மேல் கேமராவை வைத்தால் கை நடுங்காது.

முதலில் குழியை எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் தட்டையாகத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு பக்கச் சரிவு நிழலாகி, புனல் வடிவம் எழுந்து நிற்கும். வெயில் இல்லையென்றால் ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள்.

அப்புறம் பூச்சி. அது அடியில் புதைந்து கிடக்கும், கொடுக்குபோன்ற தாடை இரண்டு மட்டும் வெளியே தெரியும். ஃபோகஸ் அந்தத் தாடை நுனியில் இருக்கட்டும். உயிருள்ள எறும்பைப் பிள்ளைகள் உள்ளே தள்ளவேண்டாம். ஒரு புல்நுனியால் சரிவில் நான்கு மணலை உருட்டிவிடச் சொல்லுங்கள். எறும்பு சறுக்குகிறது என்று நினைத்து, தலையை மண்வெட்டிபோல வீசி மணலை வாரி மேலே எறியும். அந்த மணல் பறக்கும் படம்தான் படம். ஷட்டர் 200-ல் ஒரு விநாடி, சின்ன ஃபிளாஷ், அதன்முன் ட்ரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு. பேப்பர் இல்லாமல் அடித்தால் தாடை பளீரென்று மின்னி விவரம் போய்விடும். செம்மணலின் நிறம் பூச்சியின் அடிவயிற்றில் ஏறும், அதை மாற்றாதீர்கள், அது நம் தேரியின் நிறம்.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். குழியில் இருப்பது புழுப்பருவம். வளர்ந்தால் தட்டான் போன்ற சிறகோடு பறக்கும், ஆனால் தட்டான் இல்லை, உணர்கொம்பு நீளமாக, நுனி தடித்திருக்கும்.

கேள்வி: பூச்சியைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் நிற்கும், நன்றாக எடுக்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: செய்யாதீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிடிக்கும்போதே காலோ சிறகோ ஒடியும், குளிரில் சாகவும் செய்யும். பிழைத்தாலும் அப்படி எடுத்த படத்தில் கால் மடிந்து கிடப்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்.

பூச்சிக்கு உடம்புச் சூடு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும், வெயில் ஏறினால்தான் சுறுசுறுப்பாக அசையும். காலை ஆறு மணிக்குக் குளத்தங்கரைக்குப் போங்கள். தட்டானின் சிறகில் பனித்துளி கோத்திருக்கும், பக்கத்தில் போனாலும் பறக்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மட்டும் வெளியே மேக்ரோ (மிக நெருக்கப் படம்) எடுப்பது சிரமம். அப்போது வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். பறவை எச்சம்போல ஒன்று இலையில் ஒட்டியிருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம்.

வெயில் ஏறியபின் தட்டானைத் துரத்தவேண்டாம். குளத்தோரத்துக் குச்சியில் உட்காரும் வகைகள் பறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத்தான் வரும். பறந்ததும் குச்சி நுனியில் ஃபோகஸை வைத்துவிட்டு எண்ணிக்கொண்டே இருங்கள், பாறையில் அலையை எண்ணுவதுபோல. ஐப்பசி, கார்த்திகையில் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் மட்டும் வேறு. இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகும் இனம் அது. உட்காரும்போது குச்சியின் மேலே நிற்காது, கீழே செங்குத்தாகத் தொங்கும். கேமராவை நட்டமாகத் திருப்பிப் பிடித்து, வயிறு சென்சாருக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். தெளிவாக விழும் அந்த மெல்லிய ஆழத்துக்குள் கண்ணும் வாலும் சேர்ந்து விழ அதுதான் வழி.