மதுவுக்கு வரியைக் கூட்டினால் குடி குறையுமா, குடிப்பவர் வீட்டுப் பணம்தான் கரையுமா?

குறையும். சில வீடுகளில் பணமும் கரையும். இரண்டுமே உண்மை. வரி வேண்டும் என்பவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள், வேண்டாம் என்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள்.

உங்கள் அண்ணன் தினமும் குடிக்கிறார், விலை ஏறினால் நிறுத்துவாரா, அல்லது அண்ணி கையில் கொடுக்கும் பணத்தில் கைவைப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிநோயாளிகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். வரி உயர்வை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஏன் என்றும், எப்படிப்பட்ட வரியை என்றும் சொல்கிறேன். உங்கள் அண்ணனைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் விஷயத்தில் வரியை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

"குடிக்கிறவன் என்ன விலை வைத்தாலும் குடிப்பான்" என்பதுதான் வரிக்கு எதிராக நான் அதிகம் கேட்கும் பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிப்பவர் என்றதும் நம் மனதில் வருவது கை நடுங்க, காலையிலேயே குடித்தால்தான் எழுந்து நிற்க முடியும் என்ற நிலையில் இருக்கும் மனிதர். குடிப்பவர்களில் அவர் சிறுபான்மை. வாரக் கடைசியில் மட்டும் குடிப்பவர், சம்பள நாளில் குடிப்பவர், கல்லூரி முடித்து இப்போதுதான் பழக ஆரம்பித்திருப்பவர் என்று மற்றவர்கள்தான் ஏராளம். இவர்கள் எல்லாருமே விலை பார்த்து வாங்குகிறவர்கள். மூன்றாவது பாட்டில் வேண்டுமா என்று யோசிக்கிறவர்கள்.

112 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துப் பார்ப்பது. விலை 10 சதவீதம் ஏறினால் பீர் குடிப்பது ஏறக்குறைய 5 சதவீதமும், ஒயின் 7 சதவீதமும், விஸ்கி போன்ற கடுமையான மது 8 சதவீதமும் குறைகின்றன என்று அது கண்டது. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களிடம் குறைவது 3 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கடைசி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, அவர்கள் குறைக்கவில்லை" என்கிறார்கள். குறைக்கிறார்கள், கொஞ்சமாக. அந்தக் கொஞ்சமும் உடம்பில் தெரிகிறது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சாட்சி 1917-இன் டென்மார்க். முதல் உலகப் போரில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அங்கே மக்கள் வழக்கமாகக் குடித்துவந்த அக்குவாவிட் என்ற காய்ச்சிய மதுவின் மீது பெரும் வரி போட்டார்கள். விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. நாட்டில் குடிக்கப்பட்ட மதுவின் மொத்த அளவு ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தது. முற்றிய குடிநோயாளிகளுக்கு வரும் டெலிரியம் என்ற சன்னி நிலையால் இறப்பவர்கள் எண்ணிக்கையும் அதோடு மளமளவென்று இறங்கியது. எப்போதாவது குடிப்பவருக்கு அந்தச் சன்னி வராது. ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்குத்தான் வரும். எந்த விலைக்கும் அசையமாட்டார்கள் என்று நாம் சொல்லும் அதே மனிதர்களிடம்தான் அந்த மாற்றம் நடந்தது.

அமெரிக்காவில் பிலிப் குக் என்ற பொருளாதார அறிஞர் இதையே வேறு வழியில் பார்த்தார். 1960-க்கும் 1975-க்கும் இடையே மதுவரியை உயர்த்திய மாநிலங்களை எடுத்துக்கொண்டு, உயர்த்தாத மாநிலங்களோடு ஒப்பிட்டார். வரி ஏறிய இடங்களில் சாலை விபத்துச் சாவுகளும் கல்லீரல் சுருக்க நோயால் வரும் சாவுகளும் குறைந்திருந்தன. கல்லீரல் சுருங்குவது பல வருடக் குடியின் விளைவு. அப்படியிருக்க வரி ஏறிய உடனே அந்தச் சாவுகள் ஏன் குறைந்தன? ஏற்கெனவே கெட்டுப்போய் விளிம்பில் நிற்கும் ஒரு கல்லீரலுக்குத் தினசரி ஊற்றும் அளவு கொஞ்சம் குறைந்தாலே இன்னும் சில காலம் தாங்கும் என்பதால். நான் அறிந்த நோயாளிகள் பலர் அந்த விளிம்பில் நின்றவர்கள் என்பதால் இந்த ஆய்வு எனக்கு நெருக்கமானது.

எதிர்த் திசையிலும் ஓர் அனுபவம் இருக்கிறது. 2004 மார்ச்சில் பின்லாந்து மதுவரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பக்கத்து நாடான எஸ்தோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிருந்ததால், மக்கள் அங்கே போய் மலிவாக வாங்கி வந்துவிடுவார்கள் என்ற பயம். விலை இறங்கியதும் மதுவால் வரும் சாவுகள் ஏறின. அதிகம் ஏறியது வேலையில்லாதவர்களிடமும் வசதி குறைந்தவர்களிடமும்தான். வரி ஏழைகளைத் தண்டிக்கிறது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். மலிவு மது ஏழையைத்தான் முதலில் கொல்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மறு பாதி. வரியை ஆதரிப்பவர்கள் இதைத் தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் ஒரு யூனிட். ஒரு யூனிட் 50 பென்ஸுக்குக் (அரை பவுண்டுக்கு) கீழே விற்கக் கூடாது. மது நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் போனதால், 2012-இல் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வரவே ஆறு வருடம் ஆனது. மதுவை மட்டுமே காரணமாகக் கொண்ட சாவுகள் 13 சதவீதம் அளவுக்குக் குறைந்தன என்று 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதிகம் உயிர் பிழைத்தவர்கள் மிக ஏழ்மையான பகுதிகளில் இருந்தவர்கள். 2024 செப்டம்பரில் விலையை 65 பென்ஸாக உயர்த்தினார்கள்.

அதே ஸ்காட்லாந்தில், குடிக்கு முழுதாக அடிமையாகிச் சிகிச்சைக்கு வருபவர்களைத் தனியாக ஆராய்ந்தபோது, அவர்கள் குடிக்கும் அளவு தெளிவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. சிலர் சாப்பாட்டையும் மின்சாரக் கட்டணத்தையும் குறைத்துக்கொண்டு மதுவுக்குச் செலவழித்தார்கள். நாட்டின் மொத்தக் கணக்கில் சாவு குறைந்திருக்கும்போதே, ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் போகிறது. அந்த வீட்டில் இருக்கும் பெண்ணிடம் 13 சதவீதத்தைக் காட்டி ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வராது. விலை ஏறினால் எங்கள் பாடுதான் திண்டாட்டம் என்று என்னிடம் சொன்ன மனைவிமார் யாரும் பொய் சொல்லவில்லை.

அதனால் வரியை விட்டுவிடலாமா? கூடாது. அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் நம் சண்டை இருக்க வேண்டும். குறைந்தபட்ச விலைக்கும் வரிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இது. குறைந்தபட்ச விலையில் கூடுதல் பணம் விற்பவர் கல்லாவில் விழுகிறது, வரியில் அரசாங்கத்திடம் வருகிறது. அரசாங்கத்திடம் வந்ததில் எத்தனை பங்கு குடிநோய்ச் சிகிச்சைக்குத் திரும்புகிறது என்று கேட்கலாம், சட்டமாகவே எழுதி வைக்கலாம். தாய்லாந்து 2001-இல் அப்படிச் செய்தது: மது, புகையிலை மீதான வரிக்கு மேல் 2 சதவீதம் தனியாக வசூலித்து, மக்கள் நலத்துக்கென்றே ஒரு நிதியத்துக்குக் கொடுக்கிறது. பட்ஜெட் நேரத்தில் யார் தயவும் தேவையில்லாமல் அந்தப் பணம் வந்து சேர்கிறது. வரியை உயர்த்தும் அதே நாளில் சிகிச்சைப் படுக்கைகளையும் உயர்த்தாத அரசாங்கத்துக்கு, அந்த வரியைக் குடியைக் குறைக்கப் போட்டதாகச் சொல்ல எந்த உரிமையும் இல்லை. அது வெறும் வருமானம். வருமானம் என்று ஆகிவிட்டால், குடி உண்மையிலேயே குறையும்போது நிதித்துறைக்கு அது இழப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். இதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை.

வரியின் வடிவமும் முக்கியம். விலையில் இத்தனை சதவீதம் என்று போட்டால், உயர்ந்த ரக மதுவுக்கு அதிகமும் மலிவான மதுவுக்குக் குறைவுமாக விழும். இரண்டிலும் உள்ள ஆல்கஹால் ஒன்றேதான், கல்லீரலுக்கு ரகம் தெரியாது. உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவைக் கணக்கிட்டு வரி போடுவதுதான் சரி. பிரிட்டன் 2023 ஆகஸ்டில் அப்படி மாற்றியது. இன்னொன்று விலைவாசி. ஒரு தடவை வரியை ஏற்றிவிட்டு அப்படியே விட்டால், மற்ற விலைகளும் கூலியும் ஏற ஏற மது தானாக மலிவாகிக்கொண்டே போகும். அமெரிக்க மத்திய அரசு கடுமையான மதுவுக்கு 1991-இல் வைத்த பொது விகிதம் பாதி அளவு ஆல்கஹால் உள்ள ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 13.50 டாலர். எண் இன்னும் அதேதான், அதன் மதிப்பு எவ்வளவோ தேய்ந்துவிட்டது. ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி சட்டத்திலேயே வைத்துவிட்டால், ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு போராட்டம் தேவைப்படாது.

கள்ளச்சாராயம் பெருகும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மெத்தனால் கலந்தால் அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றுவிடும், உயிர் பிழைத்தாலும் பார்வை போகும். 1985-இல் சோவியத் ஒன்றியத்தின் தலைவர் கோர்பச்சேவ் மது உற்பத்தியைக் குறைத்து, விலையை ஏற்றி, கடைகளையும் பூட்டினார். ஓரிரு ஆண்டுகளில் ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் மூன்று வருடம் கூடியது. வீட்டில் சாராயம் காய்ச்ச மக்கள் வாங்கியதில் கடைகளில் சர்க்கரை தீர்ந்துபோனது. வருமானமும் வீழ்ந்து, சில ஆண்டுகளிலேயே எல்லாம் கைவிடப்பட்டது. பிறகு மது மறுபடி மலிவாகத் தாராளமாகக் கிடைத்தபோது சாவுகளும் திரும்பி வந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஒரே அடியாக அடிக்காமல் படிப்படியாக ஏற்ற வேண்டும், கூடவே கள்ளச் சரக்கைப் பிடிக்கும் கையும் வலுவாக இருக்க வேண்டும் என்பதை. லித்துவேனியா 2017-இல் பீருக்கும் ஒயினுக்கும் வரியை இரட்டிப்புக்கு மேல் உயர்த்தியது. அடுத்த வருடம் வாங்கும் வயதை 20 ஆக்கி, விற்கும் நேரத்தைச் சுருக்கி, விளம்பரத்தையும் நிறுத்தியது. வரியைத் தனியாக விடாமல் துணைக்கு ஆள் சேர்த்து அனுப்பினார்கள்.

மது நிறுவனங்கள் ஏன் இவ்வளவு எதிர்க்கின்றன என்றும் சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி மது விற்பனை வருமானத்தில் 68 சதவீதம், அரசு பரிந்துரைக்கும் அளவுக்கு மேல் குடிப்பவர்களிடமிருந்து வருகிறது. எல்லாரும் அளவோடு குடித்தால் அந்தத் தொழில் இன்றைய அளவில் நிற்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் மட்டும் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர். அந்தச் சாவுகள் அதிகப் பங்கு வகிப்பது 20 முதல் 39 வயதுக்காரர்களின் சாவில். வரி முதலில் தடுத்து நிறுத்துவது இந்த வயதில் குடி ஆரம்பிப்பவர்களைத்தான்.

இனி உங்கள் அண்ணன். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. விலை ஏறிக் கையில் காசில்லாமல் திடீரென்று நிறுத்த நேர்ந்தாலும் ஆபத்து, நீங்கள் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தினாலும் ஆபத்து. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சன்னி வரலாம், உயிரே போகலாம். வீட்டில் நீங்களாக நிறுத்தப் பார்க்காதீர்கள். மருத்துவமனையில் மருந்து கொடுத்து, நாலைந்து நாள் கண்காணிப்பில் வைத்து நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. தியாமின் என்ற விட்டமின் ஊசியையும் கட்டாயம் போடுவார்கள். நிறுத்திய பிறகு திரும்பக் குடிக்கத் தொடங்கினாலும் கைவிடாதீர்கள், பலர் இரண்டாவது மூன்றாவது சிகிச்சையில்தான் தேறுகிறார்கள். அண்ணியையும் கூட அழைத்துப் போங்கள். வீட்டுச் செலவுப் பணம் அண்ணன் கைக்குப் போகாமல் நேராக அண்ணி கணக்கில் விழும்படி, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், அவர் சம்மதத்தோடேயே ஏற்பாடு செய்யுங்கள்.