கப்பல் எவ்வளவு தூரத்தில்? காதால் அளப்பது பற்றிக் கேள்வி பதில்

தண்ணீருக்கடியில் வரும் ஒலியைக் கேட்டுக் கப்பலைக் கண்டறியும் சோனார் கருவி பற்றி மும்பைத் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பல வருஷம் அந்த ஹெட்போனை மாட்டியிருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

செம்பூர் மாணவர்: சத்தம் பெரிதாகக் கேட்டால் கப்பல் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை தம்பி. இருநூறு மீட்டரில் போகும் எலிஃபண்டா தீவுப் படகும், பல கிலோமீட்டர் தள்ளிப் போகும் சரக்குக் கப்பலும் ஒரே அளவுக்குக் கேட்கலாம். ஆழ்கடலில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். ஆனால் புறப்பட்ட இடத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் எதிலிருந்து கழிப்பது? ஆழம் குறைந்து சேறு படிந்த மும்பைத் துறைமுகத்தில் அந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது.

தாராவி வாசகி: அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

நாம் நகர வேண்டும். மான்குர்ட் தாண்டி வாஷி பாலத்தில் லோக்கல் ரயில் ஓடும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்துக் கம்பம் சட்டென்று பின்னால் போய்விடும். தண்ணீரில் நிற்கும் மீன்பிடி படகு மெதுவாக விலகும். தூரத்துக் கட்டடம் கூடவே வரும். சோனாரிலும் சத்தம் வரும் திசை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்றுதான் கவனிக்கிறோம்.

ஆனால் அந்தக் கப்பலும் ஓடிக்கொண்டிருக்கிறதே! அதனால் முதலில் ஒரே போக்கில் போய்த் திசை மாறும் வேகத்தைக் குறித்துக்கொள்வோம். பிறகு நம் கப்பலைத் திருப்பி, மறுபடி குறிப்போம். அந்தக் கப்பல் நேராக, ஒரே வேகத்தில் போனால் இரண்டு குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தூரம் வந்துவிடும். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் எக்லண்ட் இதற்குக் கையாலேயே போடக்கூடிய ஒரு சூத்திரம் தந்தார். இன்றைக்கும் எனக்கு அது அழகான கணக்கு. பொறுமைதான் முக்கியம். திரும்பிய பிறகு, பின்னால் இழுத்து வரும் ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் மைக்) கேபிள் வளைவு நீங்கி நேராகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்த எண்ணை நம்பக் கூடாது.

வாஷி நண்பர்: கடலில் முங்கும்போது படகு எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரிவதில்லையே?

தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும், காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல். அதனால் இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. திசை பிடிபடாத இடத்தில் கவனமாக இருங்கள்.

மாட்டுங்கா ஆசிரியை: பிள்ளைகளுக்குச் சொல்ல எளிய உதாரணம் உண்டா?

உண்டு, டீச்சர். முன்பெல்லாம் பனிமூட்டத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் நிலையத்திலிருந்து ரேடியோ குறியையும் கடலடி ஒலியையும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். ரேடியோ உடனே வந்துவிடும். அதிலிருந்து ஒலி வரும்வரை நொடிகளை எண்ண வேண்டும், மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிற மாதிரி. நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர். 4 நொடி என்றால் 6 கிலோமீட்டர்.