சலாகை எங்கிருந்து தொடங்க வேண்டும்? கணித ரீச்சரிடம் கேள்விகள்

கேள்வி (உவர்மலை, ஒரு தாய்): ரீச்சர், மகள் தரம் 6. படவரைபில், இரண்டு மடங்கு மீன் பிடித்த நாளுக்கு மீனையும் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்திருக்கிறாள். சரிதானே?

பதில்: சரியில்லை அம்மா. அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால் அந்த மீன் தாளில் பிடிக்கிற இடம் நாலு மடங்கு, கண் அதைத்தான் பார்க்கும். எல்லா மீனும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு மீன் 50 கிலோ என்று கீழே எழுதிவிட்டு, 125 கிலோவுக்கு இரண்டரை மீன் வரையச் சொல்லுங்கள்.

கேள்வி (கொட்பே, மீனவர் சங்கக் கணக்கு எழுதுபவர்): மாதப் பிடிபாடு 950, 980, 1,000 கிலோ. சலாகை வரைபில் சலாகை (பட்டை) எல்லாம் ஒரே உயரமாகத் தெரிகிறது. அச்சை 900 இலிருந்து தொடங்கட்டா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் அண்ணா. சலாகையில் நீளம்தான் அளவு. 900ஐ வெட்டினால் 950க்கு 50 அளவுதான் மிஞ்சும், 1,000க்கு 100, கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர் பிடிபாடு இரட்டித்துவிட்டது என்றே நினைப்பார், உண்மையில் கூடியது 5 வீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே உயரமாகத் தெரிகிறது என்றால் உண்மையே அதுதான். மாதாமாதம் ஏறி இறங்குவதைக் காட்டத்தான் விருப்பம் என்றால் கோட்டு வரைபு போடுங்கள், அதில் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறோம், அதனால் 900 இலிருந்து தொடங்கலாம், ஆனால் அதை அச்சில் தெளிவாக எழுத வேண்டும்.

கேள்வி (தம்பலகாமம், மாணவர்): திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளின் சனத்தொகைக்கு வட்ட வரைபு நல்லதா?

பதில்: 11 துண்டில் எது பெரிது என்று யாருக்குத் தெரியும் தம்பி? சலாகையைக் கிடையாகப் போடுங்கள். கோமரங்கடவல, பட்டணமும் சூழலும் போன்ற நீளப் பெயர்களைச் சரிக்காமல் எழுதலாம். அப்புறம் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்.

கேள்வி (அதே மாணவர்): மாத மழைவீழ்ச்சியையும் அப்படி அடுக்கலாமா?

பதில்: கூடாது, மாதங்களுக்குச் சொந்த ஒழுங்கு இருக்கிறது. எங்கள் ஊரில் சராசரியாக யூனில் 30 மில்லிமீற்றர்கூட இல்லை, நவம்பர், டிசம்பரில் 300ஐத் தாண்டும். ஒழுங்கைக் குலைத்தால் வடகீழ்ப் பருவக்காற்று வந்த தடமே தெரியாது.

கேள்வி (மூதூர்): சலாகை வரைபை முதலில் வரைந்தது யார்?

பதில்: வில்லியம் பிளேபெயர், 1786 இல். 17 நாடுகளுடன் ஸ்கொட்லாந்து செய்த ஏற்றுமதி இறக்குமதியை வரைந்தார். ஒரு வருடக் கணக்குத்தான் கையில் இருந்தது, கோடு இழுக்க வழியில்லை, அதனால்தான் சலாகை.

கேள்வி (நிலாவெளி): சலாகைகளுக்கு இடையில் இடைவெளி கட்டாயமா?

பதில்: ஆம், ஒரே அளவாக விடுங்கள். பரீட்சைப் புள்ளிகளை 0–10, 10–20 என்று வகுத்து வரைந்தால் அது வலையுரு வரையம், அங்கே மட்டும் ஒட்டி நிற்கும்.