படத்தில் இல்லாத காட்சி

அன்புள்ள சார்,

போன மாதம் திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் 'ஏலியன்' படத்தின் நாவல் வடிவம் கிடைத்தது. அட்டை பாதி கிழிந்திருந்தது, 60 ரூபாய். கல்லூரி விடுதியில் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, அதனால் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். படித்துக்கொண்டே போனால், கடைசிப் பகுதியில் கதாநாயகி ரிப்ளி, விண்கப்பலின் கேப்டன் டல்லாஸைக் கண்டுபிடிக்கிறாள். கூட்டுக்குள் வைத்துப் பூசியதுபோல அவர் உயிரோடு ஒட்டிக்கிடக்கிறார். என்னைக் கொன்றுவிடு என்று கெஞ்சுகிறார். படத்தில் இப்படி வராதே என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். இல்லை. அப்படியானால் எது உண்மையான கதை?

இன்னொன்று. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படம் எனக்குச் சுத்தமாகப் புரிந்ததில்லை. ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. இதை இலக்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "கோனார் நோட்ஸைப் படித்துப் பாஸாகிவிட்டேன் என்கிறாய்" என்றார். சினிமாவை வைத்து எழுதும் நாவல்கள் எல்லாம் விளம்பர நோட்டீஸ்தான் என்பது அவர் கட்சி. இவற்றைப் படிப்பது வீண் வேலையா?

அன்புடன்,
எஸ்.,
ஸ்ரீரங்கம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. இந்த நாவல்களில் பலவும் படத்தை விற்பதற்காக எழுதப்பட்டவைதான். நம் ஊரில் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டு, விறுவிறுப்பான இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். ஹாலிவுட்காரர்கள் மீதியையும் சேர்த்தே அச்சடித்து விற்றார்கள். வீடியோ கேசட் வராத காலத்தில், தியேட்டரை விட்டுப் போன படம் போனதுதான். நமக்காவது ரேடியோவில் ஒலிச்சித்திரம் இருந்தது, அப்புறம் கதைவசன கேசட் வந்தது. அங்கே பிடித்த படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு இந்தப் புத்தகங்கள்.

ஆனால் உங்கள் நண்பர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இவற்றை எழுதுகிறவர் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதில்லை. படம் வரும்போது புத்தகமும் கடையில் இருந்தாக வேண்டும். அச்சுக்கும் விநியோகத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே திரைக்கதைப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, சில வாரங்களில் முடித்துத் தாருங்கள் என்பார்கள். அதற்குப் பிறகு இயக்குநர் எதையாவது மாற்றுவார், எடிட்டிங்கில் எதையாவது வெட்டுவார். அது நாவலாசிரியருக்குத் தெரிய வருவதற்குள் புத்தகம் அச்சகத்தில் இருக்கும். ஆக நம் கைக்கு வருவது, திரைக்கதையாக இருந்து படமாக வராமல் போன ஒன்று. நான் இவற்றைத் தேடித் தேடிப் படிப்பது அதற்காகத்தான். படத்தோடு ஒத்துப்போகும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன், ஒத்துப்போகாத இடத்தில் நிற்பேன்.

நீங்கள் நின்றதும் அப்படி ஓர் இடத்தில்தான். 'ஏலியன்' நாவலை எழுதிய ஆலன் டீன் ஃபாஸ்டர் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கே, கப்பல் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்லும் அந்த வேற்றுக்கிரக ஜந்து எப்படி இருக்கும் என்று ஸ்டுடியோ காட்டவில்லை. அவ்வளவு ரகசியம். தன் கதையில் வரும் பேயின் முகம் தெரியாமலே முழு நாவலையும் எழுதி முடித்திருக்கிறார் மனிதர்! உங்கள் பிரதியை மறுபடி எடுத்துப் பாருங்கள். கப்பலின் உலோகத்தையும் ஆட்களின் பேச்சையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருகிறவர், ஜந்து வந்ததும் பிடிகொடுக்காமல் நழுவுவார். முதல் முறை படித்தபோது இதை எழுத்தாளரின் சாமர்த்தியம் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் செய்தது என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

டல்லாஸ் காட்சி ஃபாஸ்டர் சேர்த்த சரக்கு இல்லை. அதைப் படம் பிடித்தார்கள், இயக்குநர் ரிட்லி ஸ்காட் வெட்டிவிட்டார். ரிப்ளி உயிர் தப்ப ஓடுகிற கட்டம் அது. அங்கே நின்று ஒரு மனிதரோடு பேச ஆரம்பித்தால் ஓட்டம் செத்துவிடும் என்பது அவர் கணக்கு. 2003-ல் வெளியிட்ட இயக்குநர் பதிப்பில் அந்தக் காட்சியைத் திரும்பச் சேர்த்தார்கள். பார்த்தேன். வெட்டியதுதான் சரி, ஓட்டம் செத்துத்தான் போகிறது. ஆனால் நாவலில் அதே காட்சி எனக்கு நெஞ்சை அடைத்தது. தியேட்டரில் கடிகாரம் இயக்குநர் கையில் இருக்கிறது, புத்தகத்தில் நம் கையில். டல்லாஸ் கெஞ்சும் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ரிப்ளி அதுவரை காத்திருந்தாள்.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. பக்கத்தில் இன்னொரு கப்பல் ஆளான பிரெட்டையும் ஜந்து அப்படியே பூசி வைத்திருக்கும். அவர் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையாக மாறிக்கொண்டிருக்கிறார் என்பது திரைக்கதையில் வைத்திருந்த யோசனை. மனிதர்களைக் கொண்டே முட்டை செய்கிற ஜந்து. அந்தக் காட்சி 1979-லேயே படத்தில் நின்றிருந்தால், 1986-ல் வந்த அடுத்த படத்தில் ஜேம்ஸ் கேமரூன் முட்டையிடும் ராணியைக் கொண்டு வந்தபோது யாராவது சட்டையைப் பிடித்திருப்பார்கள். உங்கள் 60 ரூபாய் புத்தகத்துக்குள் அந்த ராணிக்கு வேலையே இல்லை.

சரி, 2001. கோனார் நோட்ஸுக்கு வருவோம்.

முதலில், இதை மற்ற நாவல்களோடு ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. இது படத்தை வைத்து எழுதியதும் இல்லை, இந்த நாவலை வைத்துப் படம் எடுத்ததும் இல்லை. 1964-ல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் கிளார்க்கும் நியூயார்க்கில் உட்கார்ந்து, முதலில் நாவலாக எழுதிவிடுவோம், அதிலிருந்து திரைக்கதைக்குப் போகலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். நடந்தது வேறு. இரண்டும் அக்கம்பக்கமாக வளர்ந்தன, ஒன்றை ஒன்று திருத்தின. கிளார்க் பிரதியைத் தயார் செய்து கொடுத்த பிறகும் குப்ரிக் சம்மதம் தராமல் இழுத்தடித்தார். படம் 1968 ஏப்ரலில் வந்தது, நாவல் ஜூலையில். (கிளார்க் 1956-லிருந்தே இலங்கைவாசி. 2008-ல் கொழும்பில் காலமானார். இவ்வளவு பக்கத்தில் இருந்த மனிதரை ஒரு தடவை போய்ப் பார்க்காமல் விட்டோமே என்று எனக்கு உண்டு.)

நான் உங்களுக்கு நேர்மாறு, நாவலைத்தான் முதலில் படித்தேன். பதினேழு வயதில், வாடகை நூலகத்தில் எடுத்து, இரண்டே ராத்திரியில். படத்தை ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நண்பனின் அறையில் விசிடியில் பார்த்தேன். கடுப்பாகிவிட்டது. எனக்குத் தெரிந்த எதையும் அதில் யாரும் சொல்லவில்லை. நண்பன் தூங்கிவிட்டான். நான் மட்டும் உட்கார்ந்து, இது இதனால் நடக்கிறது, அது அதனால் நடக்கிறது என்று மனதுக்குள் வசனம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைசி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் விண்வெளி வீரர் போமன் அந்த வெள்ளை வெளிச்ச அறைக்கு வந்து சேர்கிறார். கிழவராகிறார், சாப்பிடுகிறார், ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைகிறது. ஏன், எதற்கு, எங்கே, ஒன்றும் கிடையாது. நாவலில் அது ஒரு ஹோட்டல் அறை. போமன் அதைத் துப்பறிகிறார். மேஜையில் வாஷிங்டன் தொலைபேசி டைரக்டரி கிடக்கிறது. அட்டையில் 'வாஷிங்டன்' மட்டும் தெளிவாக இருக்கிறது, மற்ற எழுத்தெல்லாம் கலங்கல். திறந்தால் உள்ளே வெற்றுத் தாள்கள். குளிர்பதனப் பெட்டியில் நமக்குத் தெரிந்த உணவுப் பொட்டலங்கள், டப்பாக்கள். எதைத் திறந்தாலும் உள்ளே ஒரே நீல நிறப் பண்டம். பிறகு படுக்கையில் படுத்தபடி டிவியைப் போடுகிறார். இரண்டு வருடத்துக்கு முந்தைய நிகழ்ச்சிகள் ஓடுகின்றன. ஒரு நாடகத்தில் அவர் படுத்திருக்கும் இதே அறை வருகிறது! யாரோ நம் டிவியைப் பார்த்து, விருந்தாளி சங்கடப்படக் கூடாதே என்று, வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து ஓர் அறையைக் கட்டியிருக்கிறார்கள். பொட்டலத்துக்குள் என்ன இருக்கும் என்பது டிவியில் தெரியாதல்லவா? எனக்கு அந்த நீலப் பண்டத்தை விடச் சிறந்த வேற்றுக்கிரக உபசாரம் இதுவரை எந்தக் கதையிலும் கிடைக்கவில்லை. அதில் ஒரு பாசம்கூட இருக்கிறது.

படத்தில் இது எதுவுமே இல்லை என்றுதான் நான் அன்று கடுப்பானேன். மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் அறையில் போமனின் மூச்சுச் சத்தம் காதில் விழுந்தது. அதுவரை என் மனதுக்குள் ஓடிய நாவல் அதைக் கேட்கவிடவில்லை.

இப்போது ஹால், போமனின் கப்பலை நடத்தும் கணினி. அது ஏன் கொலை செய்கிறது என்பதை நாவல் பொறுமையாகச் சொல்லிவிடும். பயணத்தின் உண்மையான நோக்கத்தை போமனிடமும் சக வீரர் பூலிடமும் மறைக்கச் சொல்லி அதற்கு உத்தரவு. தகவலைத் திரிக்காமல் தருவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மெல்லப் பிசகத் தொடங்குகிறது. அதை அணைக்கப்போகிறார்கள் என்றதும் அதற்கு மரண பயம். ஒருபோதும் தூங்காததால், தூங்கினால் மறுபடி விழிக்கலாம் என்பது அதற்குத் தெரியாது என்று கிளார்க் எழுதுகிறார். ஹாலுக்காக நான் வருத்தப்பட்டது நாவலில். ஹாலைப் பார்த்து நடுங்கியது படத்தில், அந்தச் சிவப்புக் கண் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்போது.

ஆனால் கதவைத் திறக்கச் சொல்லி போமன் வெளியே மிதந்துகொண்டு கேட்க, ஹால் மறுக்கும் காட்சி, இன்றுவரை எல்லோரும் நடித்துக் காட்டுகிற காட்சி, அது நாவலில் இல்லை. நாவலில் அந்தக் கட்டத்தில் போமன் கப்பலை விட்டு வெளியே போவதில்லை. உறக்கத்தில் இருக்கும் மூவரை அவர் எழுப்பத் தொடங்கும்போது ஹால் கதவுகளைத் திறந்து காற்றை வெளியேற்றிவிடுகிறது. கதைத் தொடக்கத்தில் குரங்கு மனிதர்கள் முன் வந்து நிற்பது படத்தில் கறுப்புப் பாளம், நாவலில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பாளம். நாவலின் முடிவில், போமன் மாறிய நட்சத்திரக் குழந்தை பூமியைச் சுற்றும் அணு ஆயுதத்தை வெடிக்க வைக்கும், படத்தில் சும்மா பார்க்கும். போகும் இடம்கூட வேறு. நாவலில் கப்பல் சனிக்குப் போகிறது, ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் இருக்கும் ஐயாபெட்டஸ் என்ற அதன் நிலாவுக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்ட முடியாததால் படத்தில் வியாழனோடு நிறுத்திக்கொண்டார்கள். அதாவது, நோட்ஸ் என்று நினைத்து நீங்கள் படித்தது வேறு ஒரு செய்யுளை. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

எது உண்மையான கதை என்று கேட்டீர்கள். கிளார்க்கே 1982-ல் அடுத்த பாகத்தை எழுதும்போது தன் சனியைக் கைவிட்டு, படத்தின் வியாழனுக்குப் போய்விட்டார். அவருக்கே அதில் பிடிவாதம் இல்லை.

எல்லாரும் அவர் மாதிரி இல்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் பிடிவாதக்காரர், போதாததற்கு உயிர்வேதியியல் படித்தவர். 1966-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' படத்துக்கு அவர்தான் நாவல் எழுதினார். ஒரு நீர்மூழ்கியை ஆட்களோடு நுண்ணுயிர் அளவுக்குச் சுருக்கி ஒரு விஞ்ஞானியின் ரத்தத்தில் விடுகிறார்கள். ஒரு மணி நேரம்தான், பிறகு எல்லாம் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். படத்தில் நீர்மூழ்கியை ஒரு வெள்ளணு விழுங்கிவிட, ஆட்கள் மட்டும் கண்ணீர் வழியாக வெளியே வந்துவிடுவார்கள். சுபம். உள்ளே கிடக்கும் நீர்மூழ்கி வளராதா, நோயாளி வெடித்துச் சாக மாட்டாரா? வெள்ளணு தின்றுவிட்டால் அணுக்கள் மாயமாகிவிடுமா? அசிமோவால் இதைப் பொறுக்க முடியவில்லை. தன் நாவலில் அந்த வெள்ளணுவை ஆட்களின் பின்னாலேயே துரத்தி வரவைத்து, விழுங்கியதையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் புத்தகம் படத்துக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. அவர் நாவலைத்தான் படமாக எடுத்து, முடிவைக் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் நம்பினார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' நாவலும் இப்படித்தான், படத்துக்கு ஆறு மாதம் முன்பே, 1976 நவம்பரில் கடைக்கு வந்தது. அட்டையில் பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியது நம் ஃபாஸ்டர். படத்தில் வெட்டப்பட்ட, கதாநாயகன் லூக்கின் சிநேகிதன் பிக்ஸின் தொடக்கக் காட்சிகள் அதில் இருக்கின்றன. மற்றபடி சுமார். 'ஈ.டி.' நாவலில் அந்த வேற்றுக்கிரகவாசி பையனின் அம்மாவைப் பார்த்து ஏங்குவார். நான் விளையாடவில்லை, வில்லியம் கோட்ஸ்விங்கிள் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நன்றாகவும் எழுதியிருக்கிறார்.

வீண் வேலையா என்ற கேள்விக்கு, அடுத்து கேமரூனின் 'தி அபிஸ்' (1989) படத்தின் நாவல் கிடைத்தால் படியுங்கள். எழுதியவர் ஆர்சன் ஸ்காட் கார்ட். முக்கியப் பாத்திரங்களின் இளமைக் காலத்தைப் பற்றி அவர் எழுதிய முதல் அத்தியாயங்களை கேமரூன் நடிகர்களிடமே படிக்கக் கொடுத்தார். கதாநாயகனாக நடித்த எட் ஹாரிஸ் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்கினார். என் பிரதியை ஒருவர் இரவல் வாங்கிப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. திருச்சிக் கடையில் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை எனக்கு எடுத்து வையுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன்.