மருத்துவமனையில் நோயாளிக்கும் ஒரு நாற்காலி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் தாயார் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய அன்று, பணம் கட்டும் இடத்தில் ஒரு கருத்துப் படிவத்தை நீட்டி, ஐந்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். ஆட்டோ காத்திருந்த அவசரத்தில் ஏதோ குறித்துக் கொடுத்தேன். இவற்றை யாராவது படிக்கிறார்களா? மருத்துவமனையைச் சீர்செய்யும் வேலையில் நோயாளியையும் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எங்காவது உண்டா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதைக் கேட்பது என்பதை மருத்துவமனையே முன்கூட்டித் தீர்மானித்துவிடுவதால், கழிப்பறை சுத்தமாக இருந்ததா என்ற கேள்வி படிவத்தில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது யாரை அழைப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி இருக்காது. எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் கேட்பது விசாரிப்புதான். கூடி முடிவெடுப்பது வேறு.

அந்த வேறொன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு மரணத்துக்குப் பிறகு தொடங்கியது. பெட்ஸி லேமன், ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் உடல்நலப் பத்தி எழுதிவந்தவர். மார்பகப் புற்றுநோய்க்காக அவர் அனுமதிக்கப்பட்டிருந்த டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில், நான்கு நாட்களுக்குப் பிரித்துத் தர வேண்டிய சைக்ளோபாஸ்பமைடு மருந்தின் மொத்த அளவை ஒரு நாளைக்குரிய அளவாகப் படித்து, நான்கு நாளும் அதையே செலுத்திவிட்டார்கள். தனக்கு ஏதோ சரியில்லை என்ற அச்சத்தை அவர் வெளிப்படுத்தியும், கடுமையான சிகிச்சையின் பக்கவிளைவு என்றே அது எடுத்துக்கொள்ளப்பட்டது. 1994 டிசம்பர் 3 அன்று அவர் இறந்தபோது வயது 39. தவறு வெளிப்பட்டதோ மறு ஆண்டு பிப்ரவரியில், சிகிச்சைப் பதிவுகளை ஒருவர் சரிபார்த்தபோதுதான். கணவர் அதே நிலையத்தில் விஞ்ஞானி. மருத்துவத்தைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவருக்கும், அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்தவருக்கும் இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துச் சீட்டு எழுதும் முறை, அளவைச் சரிபார்க்கும் முறை எல்லாவற்றையும் நிலையம் மாற்றியது, அது எதிர்பார்க்கக்கூடியதே. நான் முக்கியமாகக் கருதுவது, 1998-இல் அங்கே நோயாளிகளும் குடும்பத்தாரும் அடங்கிய ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டதை. பத்து ஆண்டுகள் கழித்து, 2008-இல், அந்த மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கி, 2010 அக்டோபருக்குள் எல்லா மருத்துவமனைகளும் இத்தகைய குழுவை அமைக்க வேண்டும் என்றது. உறுப்பினர்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் நோயாளிகளாகவோ குடும்பத்தாராகவோ இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டக் குறிப்பு நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போக வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுதியவர் விவரமானவர். குறிப்பு மேலே போகாவிட்டால், குழு காபி குடித்துக் கலையும்.

நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில், நிர்வாகத்தைக் கவனிக்கும் குழுவாக நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருப்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 1990-களின் நடுவில் இந்தூரில் தொடங்கிய இம்முறை, 2005-இல் வந்த தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் வழியாக நாடெங்கும் பரவியது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் அதில் உண்டு. போன மாதம் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவருக்கு அதில் இடம் கிடைப்பது அரிது.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். மருத்துவம் தெரியாத நோயாளியைக் குழுவில் உட்காரவைத்தால், குறை சொல்வதைத் தவிர அவர் என்ன செய்வார்?
- வாசகர், ஈரோடு

பதில்: நான் பணியில் இருந்த காலத்தில் இதையே சொல்லியிருக்கிறேன், உங்களைவிடக் கொஞ்சம் கடுமையாக. இங்கிலாந்தில் லூட்டன் நகர மருத்துவமனையில் 2005-ஐ ஒட்டி நடந்த ஒரு முயற்சியைப் பற்றிப் படித்த பிறகே மனம் மாறினேன். தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வதைப் படமெடுத்து, மருத்துவர்களும் செவிலியர்களும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் வந்த ஒரு விஷயம் எடை பார்க்கும் கருவி. விழுங்க முடியாமல் வாரத்துக்கு வாரம் மெலியும் நோயாளியை, மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் நிறுத்தி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவியை மறைவான இடத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். தினமும் அதைக் கடந்துபோன எந்த மருத்துவர் கண்ணிலும் அது படவில்லை, ஏனெனில் அதன்மேல் ஏறி நின்றவர் அவர்களில் யாருமில்லை.

மருந்தின் அளவை நோயாளி தீர்மானிக்கப் போவதில்லை. முதல் நாள் முதல் கடைசி நாள் வரை எல்லாப் பிரிவுகளையும் சுற்றிவருகிற ஒரே ஆள் அவர்தான். நீங்களும் நானும் நம் அறையோடு நின்றுவிடுகிறோம். அவர் குறைதான் சொல்வார் என்றால், சொல்லட்டும். ஒருவரை மட்டும் உட்காரவைக்காதீர்கள், கோட்டுப் போட்டவர்கள் பன்னிரண்டு பேர் நடுவில் அவர் வாய் திறக்க மாட்டார்.

கேள்வி: எட்டாம் மாதத்தில் பிறந்த பேரன், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பத்து நாளாக இருக்கிறான். பால் எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும் என் மகளைக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் உள்ளே வந்தால் கிருமி தொற்றும் என்கிறார்கள். உண்மையா, அம்மா?
- ஒரு பாட்டி, விழுப்புரம்

பதில்: உங்கள் பேரன் நலமாக வீடு வரட்டும். அவர்களுடைய அச்சம் வீண் அச்சமன்று. கை கழுவாமல் வந்துபோவோர் தொட்டால் குறைமாதக் குழந்தைக்கு ஆபத்துதான். ஆனால் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் மருத்துவர் ஆர்த்தி மரியாவின் குழு, பெற்றோரை வெளியே நிறுத்துவதற்குப் பதிலாக, முறையாகக் கை கழுவுதல், அங்கி அணிதல், பால் புகட்டுதல், ஆபத்து அறிகுறிகளைக் கண்டுகொள்ளுதல் ஆகியவற்றைப் பழக்கி உள்ளே அழைத்தது. ஒப்பிட்டு ஆராய்ந்ததில் தொற்று கூடவில்லை. தாய்ப்பால் மட்டுமே குடித்தபடி வீடு திரும்பிய குழந்தைகள்தான் கூடின. அதன் தொடர்ச்சியாக 2017-இல் மத்திய நலவாழ்வுத் துறை, குடும்பத்தாரின் பங்கேற்புடன் பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்க வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது.

ஆகவே, அந்தப் பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம், “எங்களுக்கும் கற்றுக் கொடுங்கள், உள்ளே இருந்து பார்த்துக்கொள்கிறோம்” என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தையின் உடல்நிலை இடங்கொடுத்தால், நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறையையும் கேளுங்கள். தாய் களைத்திருக்கும்போது தந்தையும், ஏன், நீங்களும் அதைச் செய்யலாம். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். முழங்கை வரை கழுவச் சொல்வார்கள்.