சாலையில் மிரண்டு ஓடும் நாயை எப்படி நெருங்குவது?

கேள்வி: சிங்கப்பூரின் சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து பேருந்துக்காக நின்றிருந்தேன். கழுத்துப்பட்டை கட்டிய பழுப்பு நாய் ஒன்று சாலையோரம் அங்கும் இங்கும் ஓடியது. “வா, வா” என்று கூப்பிட்டபடி பக்கத்தில் போனேன். அது மிரண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்துவிட்டது. லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் சட்டப்படி தவறா? (சுவா சூ காங் வாசகர்)

பதில்: பார்த்தும் பாராமல் போகாமல் நின்றீர்களே, அதற்கு முதலில் நன்றி. மிரண்டுபோன நாய்க்குத் தன்னை நோக்கி நேராக நடந்துவரும் எந்த மனிதரும் ஆபத்துதான். குரலில் எவ்வளவு அன்பு இருந்தாலும் அது அதன் காதில் ஏறாது. அந்த நிலையில் வளர்த்தவர் கூப்பிட்டாலே நிற்காமல் ஓடும் நாய்கள் உண்டு. அதனால் நாயைப் பிடிப்பது அப்புறம். அது சாலைப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

நாய் நடைபாதையிலோ புல்தரையிலோ இருந்தால், சுற்றி வந்து அதற்கும் சாலைக்கும் நடுவில் நில்லுங்கள். நீங்களும் நடைபாதையைவிட்டு இறங்கக்கூடாது. மிரண்டால் அது உங்களைவிட்டு விலகித்தான் ஓடும். அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சந்தோ வேலியோ இருந்தால் நல்லது. நாய் ஏற்கெனவே சாலை நடுவில் நின்றால் பின்னால் போகவே வேண்டாம். விரைவுச்சாலையாக இருந்தால் கால் வைப்பதே சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. 999க்கு அழைத்து, எந்த விரைவுச்சாலை, எந்தத் திசை, எந்த வெளிவழிக்குப் பக்கம் என்று சொல்லுங்கள்.

அருகில் போகும் விதம் இப்படி இருக்கட்டும். சில அடி தள்ளியே பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பேசாமல் இருங்கள். கையில் இருக்கும் உணவைச் சிறு துண்டுகளாக்கி, சாலைக்கு எதிர்த்திசையில் போடுங்கள். காப்பிக்கடைக் கோழித்துண்டு போதும். சமைத்த எலும்பு மட்டும் கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் குத்தும். நாய் உதட்டை நக்கினால், கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் பயம் தெளியவில்லை என்று பொருள். உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் மெல்லப் பின்வாங்குங்கள். தானாக வந்து மோந்து பார்க்கும்வரை கையை நீட்டாதீர்கள். இதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாம், ஆகட்டும்.

பட்டையைப் பிடித்து இழுப்பதும் ஆபத்தே. நாய் பின்னோக்கி இழுத்தால் பட்டை தலைவழியே கழன்றுவிடும். பையின் நீளமான வாரின் ஒரு முனையில் சிறு வளையம் முடிந்து, மறுமுனையை அதற்குள் நுழைத்தால் சுருக்கு தயார். இழுக்க இழுக்க இறுகும் என்பதால் வெறுமனே பிடித்திருங்கள், கழுத்தை நெரிக்கும்படி இழுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுங்கை காடுட், கிராஞ்சி, லிம் சூ காங், துவாஸ் பக்கங்களில் அங்கேயே பிறந்து வளர்ந்த நாய்கள் உண்டு. லாரி போகும்வரை ஓரமாக நின்று, பிறகு கடக்கும். சாப்பாடு போட வருபவர்களையும் அவற்றுக்குத் தெரியும். 2018 முதல் இத்தகைய நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யும் அரசுத் திட்டம் நடக்கிறது; காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்த நாய் என்று அறியலாம். அப்படிப்பட்ட நாயைத் தூக்கிக்கொண்டு போனால் அதன் வாழ்க்கையையே குலைத்துவிடுவோம். பட்டையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், உணவிடுவோரும் சிலவற்றுக்குப் பட்டை கட்டுவார்கள். வாலைக் காலுக்கிடையே இடுக்கிக்கொண்டு, திசை தெரியாமல், ஒவ்வொரு ஹாரனுக்கும் துள்ளி ஓடுகிறதா? வார் தரையில் இழுபடுகிறதா? அது பெரும்பாலும் தொலைந்த நாய்தான்.

அடிபட்ட நாய் என்றால் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் வலியில் கடிக்கும். வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். உணவோ தண்ணீரோ தராதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை 6287 5355 எண்ணில் அழையுங்கள். மோதிய ஓட்டுநர் நிற்காமல் போனால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாயை மோதினால் நிற்க வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் அந்தப் பயத்தில் ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

சட்டத்தைக் கேட்டீர்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாயை உரிமமின்றி வளர்ப்பது இங்கே குற்றம். ஆகவே சத்தமில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைக்கு, 1800-476-1600, உடனே தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனத்தில் ஒரு நாய்தான் வைக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். உரிமம் பெற்ற நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கும். விலங்கு மருந்தகத்தில் கருவியை வைத்துப் பார்த்தால் எண் தெரியும், அதை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஃபேஸ்புக்கில் படம் போடுவதானால் ஏதாவது ஓர் அடையாளத்தை, பட்டையின் நிறத்தையோ வயிற்றிலுள்ள மச்சத்தையோ, சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். “என் நாய்” என்று வருபவர் அதைச் சரியாகச் சொல்லி, பழைய படங்களையும் உரிமத்தையும் காட்டட்டும். அதன் பிறகு கொடுங்கள்.