க்யூஆர் கோடில் ஆர்டர், பில்லில் சர்வீஸ் சார்ஜ்: கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: சென்னையில் ஒரு மாலில் இருக்கும் உணவகத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, போன் நம்பரும் ஓடிபியும் கொடுத்த பிறகுதான் மெனுவே திறந்தது. ஒரு ஐட்டம் மாறி வந்தது. இன்னொன்று முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கேட்க ஆளே இல்லை. பில்லில் மட்டும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். "சிஸ்டமே போடுது, எடுக்க முடியாது" என்றார்கள். கட்டிவிட்டு வந்தோம். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அந்த சர்வீஸ் சார்ஜை நீங்கள் கட்டியிருக்க வேண்டியதில்லை. அது அரசு வரி அல்ல, உணவகம் தனக்காகச் சேர்க்கும் தொகை. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே "சிஸ்டம் போடுது" என்பது பதிலே இல்லை. சிஸ்டத்தை அப்படி அமைத்து வைத்ததும் அவர்கள்தான்.

பணக் கணக்கையும் பாருங்கள். 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5 சதவீத ஜிஎஸ்டி 100 ரூபாய். சர்வீஸ் சார்ஜாக 200 ரூபாயைச் சேர்த்து, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டால் வரி 110 ஆகிவிடும். உங்களிடமிருந்து கூடுதலாகப் போவது 210 ரூபாய்.

பணம் கட்டும் முன் மேனேஜரைக் கூப்பிட்டு, சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் தரச் சொல்லுங்கள். சர்வரிடம் கோபப்படாதீர்கள். பில்லைத் திருத்தும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது, அந்தத் தொகை அவர் கைக்குப் போகிறது என்றும் சொல்ல முடியாது. அவர் நன்றாகக் கவனித்திருந்தால் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள். மேனேஜரும் மறுத்தால், சர்வீஸ் சார்ஜ் தனியாகத் தெரியும் பில்லை வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம். உங்களிடம் அந்த பில் இருந்தால் இப்போதும் சொல்லலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டியதற்கான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 200 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் 1915-க்கு ஒரு போனாவது செய்யுங்கள்.

தாமதத்துக்கு இத்தனை நிமிடம் என்று சட்டம் எதுவும் இல்லை. இங்கே உதவுவது நீங்கள் ஆர்டர் செய்யும் விதம்தான். போனில் அழுத்திய உடனே ஆர்டர் கிச்சனுக்குப் போய்விடும், அப்புறம் நீங்களாக ரத்து செய்வது கஷ்டம். அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடாதீர்கள். முதலில் ஸ்டார்ட்டர், அது மேசைக்கு வந்த பிறகு மெயின் கோர்ஸ். இடம் மாறி உட்கார்ந்தால் புது மேசையின் கோடை ஸ்கேன் செய்யுங்கள், இல்லாவிட்டால் சாப்பாடு பழைய மேசைக்குப் போகும். மாறி வந்த ஐட்டத்தை ருசி பார்க்காமலே திருப்பிக் கொடுத்து, பில்லில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாமதமானால், சமைக்க ஆரம்பித்துவிட்டார்களா என்று கேளுங்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் ரத்து செய்யச் சொல்லலாம். வேர்க்கடலை, முந்திரி போன்ற ஒவ்வாமை உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால் குறிப்புப் பெட்டியில் எழுதியதோடு விடாதீர்கள், நேரில் ஒருவரிடம் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் மட்டும் கூச்சம் வேண்டாம்.

போன் நம்பர் விஷயம்: நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. உணவகத்திலும் உட்கார்ந்ததுமே அச்சடித்த மெனுவைக் கேளுங்கள், ஆர்டரை ஆளிடம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பல இடங்களில் உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள்.